தண்ணீரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆண் மீனைப் பிடியுங்கள்

மீனின் திசுவை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை. ஆற்றில் ஹார்மோனைக் குழப்பும் மாசு கலந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வரும் மாணவர்கள் பெரும்பாலும் கையில் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஆண் மீனை.

பாட்டிலில் இருப்பது, அதை நிரப்பிய அந்த நேரத்துத் தண்ணீர் மட்டுமே. மீனோ இரவும் பகலும் அதிலேயே கிடக்கிறது. அதோடு இந்த மாசுகள் வேலை செய்யும் அளவு மிக மிகக் குறைவு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சிறு ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடயாலை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்கே அங்கிருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனினம் ஏறக்குறைய அழிந்துபோனது.

ஏன் ஆண்? முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப்புரதம் வைட்டெலோஜெனின். பெண் மீனின் ரத்தத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது கல்லீரல் இதைத் தயாரித்து ரத்தத்தில் விடும், சினைப்பை எடுத்துக்கொள்ளும். இதற்கான மரபணு ஆணுக்கும் உண்டு, ஆனால் தூண்ட ஆளில்லாமல் சும்மா கிடக்கும். ஆணின் ரத்தத்தில் இந்தப் புரதம் எக்கச்சக்கமாக இருந்தால், ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் ஏதோ ஒன்று அதன் உடலுக்குள் போயிருக்கிறது. வாங்கிக்கொள்ள முட்டை இல்லாததால் அது வாரக்கணக்கில் ரத்தத்திலேயே தங்கும். நமக்கு வசதி, மீனின் சிறுநீரகத்துக்குக் கேடு.

எந்த மீன், எந்த இடம் என்பதில் அவசரப்படாதீர்கள். வலசை போகாமல் ஓரிடத்திலேயே வாழும் இனமாக இருக்கட்டும். இயல்பிலேயே பால் மாறும் இனங்கள் வேண்டாம்: கொடுவா முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும், களவா அதற்கு நேர்மாறு. ஜீப்ரா மீனின் குஞ்சுகள் எல்லாமே முதலில் சினைப்பை போன்ற ஒன்றோடுதான் வளரும், அதனால் இளம் ஆணில் முட்டை தெரிந்தால் அதில் வியப்பில்லை. கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, முடிந்தால் கழிவே கலக்காத வேறொரு ஆற்றில் ஒன்று என இடங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில், ஒரே உருவ அளவுள்ள மீன்களைப் பிடியுங்கள். இடத்துக்கு 20 ஆணாவது இல்லாமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். மீன் பிடிக்கவும் கொல்லவும் தேவையான அனுமதிகளை முன்பே வாங்கிவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்த பிறகே ஊசியைத் தொடுங்கள்.

வாலடி ரத்தக்குழாயிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய ஊசியால் ரத்தம் எடுங்கள். வைட்டெலோஜெனின் சீக்கிரம் சிதையும், அதனால் அப்ரோடினின் சேர்த்து உடனே ஐஸில் வையுங்கள். சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவை மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். இந்தப் புரதத்தை அளக்கும் எலைசா கிட் வாங்கும்போது உங்கள் மீனினத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள், ஏனென்றால் கிட்டில் புரதத்தை அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஓர் இனத்துக்கானது என்றால், இன்னோர் இனத்தின் புரதத்தைப் பிடிக்காமல் போகலாம். பொருந்தும் கிட் கிடைக்காவிட்டால் கல்லீரலில் வைட்டெலோஜெனின் மரபணுவின் ஆர்.என்.ஏ.வை அளக்கலாம்.

அடுத்து வயிற்றைத் திறங்கள். முதலில் வெள்ளை நாடா போன்ற புழு இருக்கிறதா என்று பாருங்கள். லிகுலா என்ற அந்த நாடாப்புழு இருந்தால் மாசே இல்லாவிட்டாலும் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கியிருக்கும், எனவே அந்த மீனைத் தனியே குறித்துவையுங்கள். பிறகு விந்தகம் இரண்டையும் எடுத்து எடை போடுங்கள். அதை உடல் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஒரு குறியீட்டெண் வரும். பருவத்தோடு ஏறி இறங்கும் எண் அது, அதை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள்.

மாசு பட்ட ஆணின் விந்தகத்துக்குள் முட்டை செல்கள் இருக்கலாம், இனி தேடுவது அதை. விந்தகத்தை, திசுவைப் பதப்படுத்தும் 'பூவின்' (Bouin) என்ற கரைசலில் ஊறவைத்து, எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். அந்தக் கரைசலில் பிக்ரிக் அமிலம் உண்டு, காய்ந்தால் வெடிக்கும். பாட்டில் மூடியில் படிந்ததைக்கூட ஈரத்துணியால் துடையுங்கள். பாரஃபின் மெழுகில் பதித்து, 5 மைக்ரான் தடிமனில், விந்தகத்தின் முன், நடு, பின் பகுதிகளிலிருந்து சீவுங்கள். ஒரே சீவலைப் பார்த்து 'முட்டை இல்லை' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. முட்டைகள் ஒரு மூலையில் கொத்தாக ஒளிந்திருக்கும்.

ஹெமடாக்சிலின்–ஈயோசின் சாயமிட்ட நல்ல விந்தகம், பொடிப்பொடியான அடர்ஊதாப் புள்ளிகள் நிறைந்த சிறு அறைகளாகத் தெரியும். பாதிக்கப்பட்ட விந்தகத்தில் அவற்றின் நடுவே விந்தணுவைவிடப் பல மடங்கு பெரிதாக ஓர் உருண்டை செல் நிற்கும். உடல் நீலஊதா, உட்கரு வெளிறி அகலமாக, அதன் ஓரத்தை ஒட்டி வரிசையாகக் கரும்புள்ளிகள். அதுதான் இளம் முட்டை செல். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். எந்த இடத்து மீன் என்பது தெரியாதபடி ஸ்லைடுகளுக்கு வேறொருவர் எண் போட்டுத் தரட்டும். தெரிந்தால் கண் தேடிப்போய்ப் பார்க்கும்.

இங்கிலாந்தில் ரோச் மீன்களைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வில், கழிவுநீருக்குக் கீழே சில இடங்களில் பிடித்த ஆண் மீன்கள் அத்தனையிலும் பெண் தன்மை இருந்தது. மாசு குறைந்த இடங்களிலும் சிலவற்றில் இருந்தது. ஒப்பிட இடம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இரண்டு முடிவையும் சேர்த்துப் படியுங்கள். புரதம் அதிகம், விந்தகம் சுத்தம் என்றால் மாசு அண்மையில் வந்திருக்கலாம். புரதம் குறைவு, விந்தகத்தில் முட்டை என்றால் குஞ்சுப் பருவத்தில் பட்ட பாதிப்பாக இருக்கலாம்.

பெண் மீன்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவுக்குக் கீழே இருந்த கொசு மீன்களில், பெண்களின் குதத் துடுப்பு ஆணுடையதைப் போல நீண்டிருந்தது. மாசு ஆண் ஹார்மோன் போலவும் நடக்கும். ஸ்டிக்கிள்பேக் என்ற மீன் கிடைத்தால் இன்னும் எளிது: ஆண், கூடு கட்ட ஸ்பிகின் என்ற பசைப்புரதத்தைச் சிறுநீரகத்தில் சுரக்கும். அது பெண்ணிடம் இருந்தால் சந்தேகம் சரி.

மிச்சம் இருப்பது, காரணம் இந்தத் தண்ணீர்தானா என்ற கேள்வி. சுத்தமான நீரில் வளர்ந்த ஆண் மீன்களைக் கூண்டில் வைத்து, கழிவு கலக்கும் இடத்தின் மேலும் கீழும் மூன்று வாரம் விடுங்கள். விடும் முன்பும் எடுத்த பின்பும் ரத்தம் பாருங்கள். கீழ்க்கூண்டில் மட்டும் புரதம் ஏறியிருந்தால், இப்போது அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வாருங்கள். ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் ஈஸ்ட்ரோன், எஸ்ட்ரடயால், எத்தினைல் எஸ்ட்ரடயால், நோனைல்ஃபீனால் நான்கையும் அளக்கச் சொல்லலாம்.