தொட்டிச் செடி மஞ்சளாகிறதா? உரப் பையைத் திறக்கும் முன் இலையைப் பாருங்கள்

மாடியில் ஒரு செடி மஞ்சளானதும் பலரும் செய்வது, கையில் இருக்கிற உரத்தில் ஒரு பிடி அள்ளிப் போடுவது. தரையில் நிற்கும் செடியென்றால் மண் அதைத் தாங்கிக்கொள்ளும். செடி வளர்க்கும் 12 அங்குலப் பையில், அதாவது க்ரோ பேக்கில், இருப்பது ஏறக்குறைய 20 லிட்டர் கலவைதான். அங்கே போட்டது அங்கேயே தேங்கும். தொட்டிச் செடி மஞ்சளாவதற்குப் பல சமயம் காரணம், சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போவதுதான். அதனால் கண்டுபிடிப்பது முதலில், உரம் பிறகு.

கையில் வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாள், 1 கிராம்வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு லிட்டர் மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். மண்ணில் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பி பி.எச். மீட்டருக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

படி 1: பசியா, வேறு நோயா?

விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி தொங்கினால் வேரில் கோளாறு. பையை மெல்லச் சாய்த்துக் கொஞ்சம் கலவையை விலக்குங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும். தக்காளி, வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இவை எதற்கும் உரம் மருந்தாகாது.

இன்னொன்று, ஊற்றிய தண்ணீர் அடுத்த நொடியே அடியில் வந்துவிடுவது. நன்றாகக் காய்ந்த கோகோபீட் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கிவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். பையை அரை மணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஊறவிடுங்கள்.

பிறகு இலையின் அடிப்பக்கம். இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் பேன். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கவிழ்த்த படகுபோல் கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இதைச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) குறை என்று எண்ணி முட்டை ஓடு போடுபவர்கள் நிறையப் பேர்.

வெண்டையில் ஒரு பொறி இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், இடைப்பகுதி மஞ்சளாகும். நரம்பு மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய் என்பதால் குணமாகாது. செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

படி 2: எந்த இலையில் தொடங்கியது?

செடிக்குத் தேவையான 17 தனிமங்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைக்கின்றன. மீதி 14ஐ வேர்தான் எடுத்துத் தர வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கையும் செடி இடம் மாற்றிக்கொள்ளும். தட்டுப்பாடு வந்தால் கிழட்டு இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் வாடும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்பு, போரான், கந்தகம் ஆகியவை ஓர் இலையில் அமர்ந்தால் அங்கிருந்து எளிதில் நகராது. துத்தநாகமும் ஏறக்குறைய அப்படித்தான். இவை குறைந்தால் நுனியில் தெரியும்.

அடியா, நுனியா என்று சொல்லிவிட்டாலே சந்தேகப்பட வேண்டிய பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

படி 3: மஞ்சள் எப்படிப் பரவியிருக்கிறது?

அடி இலை முழுவதும் நரம்போடு சேர்ந்து சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மாடியில் இது சகஜம், அடைமழை தழைச்சத்தைக் கரைத்து இறக்கிவிடும். மக்காத நார்க்கழிவோ மரத்தூளோ கலந்திருந்தாலும் இதே கதைதான். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாங்களே பிடித்துக்கொள்ளும்.

அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். தக்காளியிலும் ரோஜாவிலும் நன்றாகத் தெரியும். வாழைப்பழத் தோலும் சாம்பலும் அளவுக்கு மீறிப் போட்ட தொட்டிகளில் இது வரக் காரணம், சாம்பல்சத்து மிகுந்தால் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறைகிறது.

அடி இலையின் ஓரம் மஞ்சளாகிப் பிறகு கருகினால் சாம்பல்சத்துக் குறை. உப்பு மிகுந்தாலும் ஓரம் கருகும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உப்பென்றால் மஞ்சளாகும் கட்டமே பெரும்பாலும் இருக்காது, நுனி நேராகப் பழுப்பாகும். பையின் விளிம்பில் வெள்ளைப் பூப்பும் படிந்திருக்கும்.

இலையின் அடிப்பக்கம் ஊதா ஓடி, செடி குன்றிப்போனால் மணிச்சத்து என்பார்கள். ஆனால் நாற்றுக்குக் குளிர் பட்டாலும் ஊதா வரும், ஊதாக் கத்தரிக்கு இயல்பிலேயே உண்டு. எலும்புத்தூள் தாராளமாகப் போடும் தொட்டிகளில் இந்தக் குறை அபூர்வம். மணிச்சத்து மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் முடங்கும்.

நுனிக்கு வருவோம். இட்லிப்பூ, செம்பருத்தி, ரோஜா, மல்லியில் கொழுந்து எலுமிச்சை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்பு. கடினமான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மற்றக் குறைகளைவிட இதுதான் அதிகம். எலுமிச்சைச் செடியில் இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, மஞ்சள் திட்டு விழுந்தால் துத்தநாகம். நரம்பும் சேர்ந்து கொழுந்து முழுவதும் வெளுத்தால் கந்தகம். போரானைக் கண்ணால் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அதில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு, நுண்ணூட்டக் கலவையில் இருக்கிற அளவே போதும்.

தக்காளிக்காயின் அடி கறுத்து அமுங்கினால் காய்க்குள் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே ஏறும், ஏறுவதில் பெரும்பங்கை இலைகள் இழுத்துக்கொள்ளும். மதியம் பை வறண்டு மாலையில் வெள்ளமாக ஊற்றினால் காய்தான் ஏமாறும். முட்டை ஓட்டால் உடனடிப் பயன் இல்லை. காலையும் மாலையும் பிரித்து ஊற்றி, மேலே காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். அடுத்த கொத்தில் வித்தியாசம் தெரியும்.

படி 4: வடிநீர் சோதனை

செடிக்கு வழக்கம்போல் அடியில் வடியும்வரை தண்ணீர் விடுங்கள். முக்கால் மணி நேரம் பொறுத்து, பையை இரண்டு செங்கல்மேல் ஏற்றி, கீழே கழுவிய தட்டு வையுங்கள். மேலே 200 முதல் 300 மில்லி ஆர்.ஓ. தண்ணீரை மெதுவாகச் சுற்றி ஊற்றுங்கள். முதலில் சொட்டும் 50 மில்லி போதும்.

டி.டி.எஸ். 500 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) கீழே இருந்தால் பசி. 2000ஐத் தாண்டினால் உப்பு, அதற்குமேல் ஒரு கிராம் உரமும் கூடாது. ஆனால் உங்கள் குழாய்த் தண்ணீரையும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். தண்ணீரே 1000 காட்டும் வீட்டில் வடிநீர் 1300 என்றால், உரத்தின் பங்கு 300 அளவுதான். மீட்டர் உப்பையும் உணவையும் பிரித்துக் காட்டாது.

பி.எச். 5.8 முதல் 6.8 வரை நல்லது. 7.5க்கு மேல் போனால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் மூன்றும் கலவையில் இருந்தும் கரையாமல் கிடக்கும்.

படி 5: ஒரு கிளையில் மட்டும் சோதனை

இரும்பு என்று சந்தேகமா? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள். அதுதான் இரும்பு சல்பேட். படிகம் இளம் பச்சையாக இருக்க வேண்டும், துருநிறம் ஏறியிருந்தால் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் அரை மூடி எலுமிச்சைச் சாறு, அதன்பிறகு 2 கிராம் அன்னபேதி. வரிசையை மாற்றிப் போர் தண்ணீரில் கலக்கினால் சிறிது நேரத்தில் துருவாகக் கலங்கி அடியில் படிந்துவிடும். அதைத் தெளித்துப் பயனில்லை.

வெயில் தாழ்ந்தபின் ஒரே ஒரு கிளைக்கு, இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். கிளையில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். தரையில் பட்டால் ஓட்டில் துருக்கறை போகாது, அடியில் சாக்கு விரியுங்கள். ஒரு வாரத்துக்குள் அந்தக் கிளைக் கொழுந்தில் மட்டும் பச்சை திட்டுத் திட்டாகத் திரும்பினால் சந்தேகம் உறுதி. மெக்னீசியத்துக்கும் இதே முறைதான், ஒரு லிட்டருக்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 3 கிராம், ஆனால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

படி 6: மருந்தும் அளவும்

தழைச்சத்துக்கு: கடலைப்புண்ணாக்கு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பைக்கு அரை லிட்டர். அவசரமென்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம், அதே அரை லிட்டர், வாரம் ஒருமுறை.

சாம்பல்சத்துக்கு: சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம். அடுப்புச் சாம்பல் பி.எச்.சை ஏற்றிவிடும், கடினத் தண்ணீர் ஊரில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இரும்புக்கு: தெளிப்பு முதலுதவி மட்டுமே. மண்ணில் ஊற்ற இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, பி.எச். 7ஐத் தாண்டிய கலவையில் சரியாக வேலை செய்யாது. கூடவே தண்ணீரைத் திருத்த வேண்டும்: 10 லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, தாளில் பார்த்து, 6.5 வரும்வரை சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டி, அன்றே ஊற்றிவிடுங்கள்.

துத்தநாகத்துக்கு: ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், அதோடு 1 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளந்தளிர் கருகலாம்.

உப்பு மிகுந்த பைக்கு: 40 லிட்டர் நல்ல தண்ணீரைப் பல தவணையாக ஊற்றி அலசுங்கள். நல்ல மழையில் நனையவிட்டால் செலவில்லாமல் நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்கும் ஆசை வேண்டாம். கால்சியம் நைட்ரேட்டை 19:19:19 உரத்தோடோ எப்சம் உப்போடோ கெட்டியாகக் கலந்தால் வெள்ளை வண்டலாகிவிடும். ஜிங்க் சல்பேட்டையும் மணிச்சத்து உரத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

முழுக்க வெளுத்த அடி இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது. புதிதாக விரியும் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு தெளிப்புக்குப் பிறகும், மூன்று வாரம் கழித்தும் துளிர் மஞ்சளாகவே வந்தால் கலவையை மாற்றிவிடலாம்: செம்மண் 2 பங்கு, கோகோபீட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பைக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். கோகோபீட் கட்டியை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். பிழிந்த நீர், உங்கள் குழாய்த் தண்ணீரைவிட 200 பி.பி.எம்.முக்குமேல் காட்டாத வரை அலசிக்கொண்டே இருங்கள்.