கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

ஏசி குளிரவில்லை என்று வண்டியைக் கடையில் விட்டால் முதலில் காதில் விழுவது "கேஸ் தீர்ந்திருக்கும்" என்பதுதான். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை அது, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல வருடங்களில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் குறையலாம், ஆனால் ஒரே கோடையில் காலியானால் எங்கோ கசிகிறது. குளச்சலில் கடற்கரையை ஒட்டி நிற்கும் என் மாமா வண்டிக்கு இரண்டு தடவை கேஸ் அடித்தோம், இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் நானே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்டென்சரின் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் தகட்டுப் பகுதி) கீழ் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் ஆயிலும் சேர்ந்து கசியும், அந்தப் பிசுக்குதான் அடையாளம்.

முதலில் காற்று சரியாக வருகிறதா என்று பாருங்கள். காற்றே குறைவு என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், ஐந்து நிமிட வேலை. ஆரம்பத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்று மெலிந்து போனால் உள்ளே கூலிங் காயில் பனிக்கட்டி பிடித்திருக்கலாம். ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், காற்று திரும்ப வந்தால் அதுதான்.

காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லையா? எப்போது குளிரவில்லை என்று கவனியுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றை எதிர்த்து ஓட்டும்போது ஜில்லென்று இருந்துவிட்டு, வடசேரியிலோ மார்த்தாண்டம் நெரிசலிலோ நின்றதும் சூடாகிறது என்றால், கண்டென்சர் ஃபேன் ஓடவில்லை அல்லது கண்டென்சர் அடைத்திருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு, ரேடியேட்டர் பக்கம் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கை மட்டும் வைக்காதீர்கள், ஃபேன் திடீரென்று கிளம்பும்.

அடுத்து கம்ப்ரசர். ஏசி பட்டனைப் போட்டதும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கிற கிளட்ச் 'டக்' என்று பிடிக்க வேண்டும் (சில புது வண்டிகளில் கிளட்சே கிடையாது, அதில் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள்). பிடிக்கவில்லை என்றால் உடனே கம்ப்ரசர் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. கிளட்ச் பிடித்து ஓடுகிறது என்றால் ஏசி குழாய்களில் தடித்ததைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் நன்றாகச் சுடும், அதைத் தொடாதீர்கள். தடித்தது வெதுவெதுப்பாகவே இருந்தால் கேஸ் குறைவோ கம்ப்ரசர் பலவீனமோ, இரண்டில் எது என்று அழுத்தம் காட்டும் கேஜ் போட்டால்தான் தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கண்டென்சரைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். முட்டம், குளச்சல், கன்னியாகுமரிப் பக்கம் நிற்கிற வண்டிகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும், தொட்டாலே உதிரும். அதில் எத்தனை தடவை கேஸ் அடித்தாலும் காசுதான் போகும்.

கடைக்குப் போனால் நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்கச் சொல்லுங்கள். லீக்கைச் சரிசெய்த பிறகு அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), அது இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே கேஜைப் பாருங்கள். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் வகையும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும். ஆர்134ஏ வண்டியா, ஆர்1234ஒய்எஃப் வண்டியா என்று பார்த்து, அந்த எடையை மிஷினில் அளந்துதான் ஏற்ற வேண்டும், குத்துமதிப்பாக அல்ல. கூடினாலும் குளிராது.

கண்டென்சர் நல்ல நிலையில் இருந்தால், வாரம் ஒரு தடவை ஆறிய இன்ஜினில் சாதாரண ஹோஸ் வைத்து நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை அதில் நேராகப் பிடிக்க விடாதீர்கள், தகடு மடங்கிவிடும்.