வெயிலுக்கு நாயோடு மலைக்குப் போகிறீர்களா? அறை பிடிப்பது இப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏப்ரல் பிறந்தாலே வீட்டு நாய்க்குத்தான் முதல் கஷ்டம். நமக்கு வியர்க்கும், அதற்குப் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி, மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு அது குளியலறை வாசலில் தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்த்தால், பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் இதையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் எங்காவது மலைக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். தாராளமாகப் போகலாம். ஆனால் நாயையும் சேர்த்துக்கொள்ளும் அறை கிடைப்பதுதான் இதில் பெரிய வேலை, அதை முடித்துவிட்டு அப்புறம் லீவு எழுதிக் கொடுங்கள்.

முதலில் எந்த மலை என்பதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எல்லா மலையும் ஒரே குளிர்ச்சி இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. தருமபுரி ஊரே கடல் மட்டத்திலிருந்து நானூற்றைம்பது மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. அதனால் ஏலகிரிக்கு ஏறும்போது (சுமார் 1,100 மீட்டர்) நமக்குக் கிடைப்பது நாலு டிகிரிதான், கீழே 39 என்றால் மேலே பகலில் 35. காலையும் மாலையும் நன்றாக இருக்கும், மதியம் நாய் மூச்சிரைக்கத்தான் செய்யும். ஏற்காடு 1,500 மீட்டர், அங்கே ஏழு டிகிரி குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரியும் குன்னூரும் 1,800 மீட்டரை ஒட்டி, இவை நிஜமாகவே வேறு தட்பவெப்பம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி முடி அடர்ந்த நாய் என்றால் ஏலகிரியில் மின்விசிறியாவது இருக்கும் அறையாகக் கேட்டு வாங்குங்கள், மலை ஊர் என்பதால் ஃபேனே போடாத அறைகள் நிறைய உண்டு.

தூரத்தையும் நாயின் கண்ணால் பார்க்க வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் வழியாக ஏற்காட்டுக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து ஏலகிரிக்கும் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஊட்டி என்றால் சேலம், அவினாசி, மேட்டுப்பாளையம் என்று பாதி நாள் சமவெளி வெயிலைக் கடந்துதான் மலையையே பார்க்க முடியும், கொடைக்கானல் அதைவிடத் தூரம். முதல்முறை காரில் வெளியூர் வரும் நாயை ஊட்டிக்குக் கூட்டிப் போகாதீர்கள், ஏற்காட்டில் ஆரம்பியுங்கள் என்பது என் கருத்து. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, தளி பக்கம் பெங்களூரு ஆட்களை நம்பி வாடகைக்கு விடும் பண்ணை வீடுகள். மலை இல்லைதான், ஆனால் சுற்றிலும் மரம், சுற்றுச்சுவர், நாய் அவிழ்த்துவிட்டு ஓட இடம். ஜவளகிரி காடு பக்கத்தில் இருப்பதால் யானை நடமாட்டம் உள்ள இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வத்தல்மலை நமக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் காலையில் போய் மாலையில் இறங்கத்தான் வசதி.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் கவனிக்க: 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினார்கள், நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அறைக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பாஸ் கிடைக்காமல் நின்றால் பணம் போனது போனதுதான், அதனால் அந்த வருட விதி என்ன என்று பார்த்து இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். ஏற்காடும் ஏலகிரியும் அந்த உத்தரவில் வரவில்லை.

சரி, அறை தேடும் விஷயம்.

புக்கிங் ஆப்களில் செல்லப்பிராணிக்கு அனுமதி என்ற ஃபில்டர் இருக்கிறது. அதைத் தட்டுங்கள், பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த டிக் அடையாளத்தை எப்போதோ ஒருவர் போட்டிருப்பார், சனிக்கிழமை மதியம் கேட்டைத் திறக்கப்போகிறவர் வேறு ஒருவர். எங்களுக்கே ஒரு காட்டேஜில் இது நடந்தது, ஆப்பில் அனுமதி என்று இருந்தது, போய் இறங்கியதும் நாய் அறைக்குள் வரக்கூடாது, பின்னாடி ஜெனரேட்டர் ஷெட்டில் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் பார்வையில் அதுவும் அனுமதிதான். இரவில் குளிர் இறங்கும் ஊரில், முன்பின் தெரியாத இடத்தில், டீசல் வாடையில் ஒரு வீட்டு நாயைக் கட்டிவைப்பதை எப்படி அனுமதி என்று சொல்ல முடியும்?

ஆகவே ஆப்பைவிட கூகுள் மேப்ஸ் உதவும். ஊரைப் போட்டு ஹோம்ஸ்டே, காட்டேஜ் என்று தேடி, ஒவ்வொன்றின் ரிவ்யூவுக்குள்ளும் போய் ஆங்கிலத்தில் 'டாக்', 'பெட்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். நாயோடு போனவர்கள் பெரும்பாலும் அதைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டார்கள். போட்டோவில் சுற்றுச்சுவர் இருக்கிறதா, தரை டைல்ஸா கார்ப்பெட்டா, வாசலை ஒட்டி ரோடு போகிறதா என்று பாருங்கள். ஓனர் வீட்டு நாயே ஏதாவது ஒரு போட்டோவின் மூலையில் படுத்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, ஆனால் அந்த நாய் நம் நாயோடு ஒத்துப்போகுமா, நாம் இருக்கும்போது கட்டிவைப்பார்களா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். வகை என்று பார்த்தால் நாலு மாடி லாட்ஜும் பெரிய ஹோட்டலும் பொதுவாக ஒத்துக்கொள்ளாது. தனி வாசல் உள்ள காட்டேஜ், எஸ்டேட் பங்களா, ஓனர் பக்கத்திலேயே குடியிருக்கும் ஹோம்ஸ்டே, இவைதான் நமக்கு. முழு வீட்டையும் எடுத்தால் பக்கத்து அறைக்காரர் புகார் சொல்வார் என்ற பயமும் இல்லை, இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் வாடகையும் கட்டுப்படியாகும்.

அடுத்து போன். இதைத் தவிர்க்கவே கூடாது. ஓனர் சேலத்திலோ சென்னையிலோ இருப்பார், அவரிடம் பேசிவிட்டு அங்கே இருக்கும் கேர்டேக்கர் நம்பரையும் வாங்கி அவரிடமும் பேசுங்கள். "அண்ணா, சனிக்கிழமை வர்றோம்ங்க, கூட ஒரு நாய் வருது, வீட்டுக்குள்ளதான் வளருது, ராத்திரி எங்க ரூம்லயே படுத்துக்கும், உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று இதே மாதிரி முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். நாய் கொண்டு வரலாமா என்று மட்டும் கேட்டால் வரலாம் என்பார்கள், எங்கே படுக்கும் என்பது உங்கள் மனதில் ஒன்றாகவும் அவர் மனதில் வேறாகவும் இருக்கும். அப்புறம் என்ன இனம், எத்தனை கிலோ, எவ்வளவு வயது என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். பொமரேனியன் என்று நினைத்து ஒத்துக்கொண்டவர் ராட்வைலர் இறங்குவதைப் பார்த்தால் மறுக்கத்தான் செய்வார்.

கட்டணத்தையும் அப்போதே பேசுங்கள். சில இடத்தில் நாய்க்கென்று ஒரு நாளைக்கு இவ்வளவு, சில இடத்தில் ஒரே தடவை க்ளீனிங் சார்ஜ், இன்னும் சிலர் டெபாசிட் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது திருப்பித் தருவார்கள். தரைத்தள அறையா, அறை மாற்றினால் முன்கூட்டியே சொல்வார்களா, சமையலறையில் கொஞ்சம் சாதமும் கோழியும் வேகவைத்துத் தருவார்களா அல்லது நாமே அடுப்பு பயன்படுத்தலாமா, காலையில் நடத்திக் கூட்டிப் போக இடம் எது, ராத்திரி காட்டு மாடு, சிறுத்தை வரும் இடமா. பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே மெசேஜாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஓகே என்று பதில் வந்த பிறகு அட்வான்ஸ் போடுங்கள். நாயின் போட்டோவையும் சேர்த்து அனுப்புவது நல்லது, கேட்டில் நிற்கும்போது அந்த ஒரு மெசேஜ்தான் நம் பக்கம் பேசும்.

நாட்டு நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாப்ரடார் என்றால் சரி, நாட்டு நாய் என்றால் யோசிப்பார்கள், இது நம் ஊர்களில் இருக்கும் வேதனையான உண்மை. தெருவில் எடுத்து வளர்த்ததாக இருக்கட்டும், ராஜபாளையம், சிப்பிப்பாறையாக இருக்கட்டும், வெளிநாட்டு இனத்தைவிட நம் வெயிலையும் நம் சாப்பாட்டையும் தாங்குகிற நாய் அது. இனத்தை மறைக்க வேண்டாம். தடுப்பூசி அட்டையின் போட்டோவை அனுப்புங்கள், கழுத்துப்பட்டையோடு வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வீடியோ அனுப்புங்கள். பல பேர் மனம் மாறுவது அந்த வீடியோவைப் பார்த்துத்தான். அப்படியும் மறுத்தால் கெஞ்சாமல் அடுத்த நம்பரைப் போடுங்கள், மனசில்லாமல் ஒத்துக்கொண்டவர் வீட்டில் நாயும் நிம்மதியாக இருக்காது.

தேதி: ஊட்டி மலர்க் கண்காட்சியும் ஏற்காடு கோடை விழாவும் வழக்கமாக மே மாதத்தில் வரும். அந்த வாரங்களில் வாடகையும் ஏறும், நாய் இல்லாத பத்துக் குடும்பம் வரிசையில் நிற்கும்போது நம்மை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் என்று வார நடுவில் கேட்டால், சனிக்கிழமை முடியாது என்ற அதே ஓனர் வாங்க என்பார்.

கிளம்புவதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்க வேண்டும், அட்டை அசலாகக் கையில் இருக்கட்டும். எஸ்டேட் பக்கம் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சல் நாயைச் சாய்த்துவிடும், அதற்கான மருந்தைப் பயணத்துக்குச் சில நாள் முன்பே ஆரம்பிக்கச் சொல்வார்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் அதற்கும் அவரிடமே மாத்திரை கேளுங்கள், நாம் போடும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய், வயதான நாய், இதய நோய் உள்ள நாய், இவற்றுக்கு இந்தப் பயணமே தேவையா என்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். தெரிந்தவர் வீட்டில் கூலர் முன்னால் விட்டுவிட்டுப் போவது சில நாய்களுக்குப் பெரிய உபகாரம்.

விடியற்காலை நாலரை, ஐந்துக்குக் கிளம்பிவிட்டால் தொப்பூர் கணவாயை இளங்காற்றிலேயே தாண்டலாம். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. ஏற்காட்டுச் சாலையில் இருபது வளைவு, ஏலகிரியில் பதினான்கு, நிதானமாக ஏற்றுங்கள். வழியில் குரங்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், நாய் குரைத்தால் அவை வண்டி மேலேயே குதிக்கும். டிபன் சாப்பிட நிறுத்தினால் ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள், நாயைக் காருக்குள் பூட்டிவிட்டு எல்லாரும் இறங்குவது கூடவே கூடாது, வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி கூடிவிடும். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, நாய்க்கான தண்ணீரை எவர்சில்வர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாய் விடாமல் மூச்சிரைத்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுவந்து வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், ஐஸ் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். 1962 என்பது கால்நடை ஆம்புலன்ஸ் எண், போனில் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த மருத்துவர் எத்தனை மணி வரை இருப்பார் என்பதைக் கேர்டேக்கரிடம் போன முதல் நாளே கேட்டு வைப்பதுதான் கைகொடுக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அறையைத் திறந்து நாயை முதலில் மோந்து பார்க்க விடுங்கள், பால்கனிக் கம்பி இடைவெளி, கேட்டுக்கு அடியில் இருக்கும் சந்து இரண்டையும் நீங்கள் பாருங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய பெட்ஷீட்டை விரித்தால் அதன் மேல் படுத்துக்கொள்ளும், கட்டிலும் தப்பிக்கும். நீலகிரி, கொடைக்கானல் இரண்டிலும் சிறுத்தை வீட்டு நாயைத் தூக்குவது புதிதல்ல, காட்டு மாடு ஊருக்குள்ளேயே சாதாரணமாக நடக்கும். இருட்டிய பிறகு வராண்டாவில் கட்டிப்போடக் கூடாது, விடிந்து வெளிச்சம் வந்தபிறகுதான் நடத்திக் கூட்டிப் போக வேண்டும், அதுவும் சங்கிலியோடு. புலிகள் காப்பகம், சரணாலயத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது, டிஸ்டெம்பர் மாதிரியான நோய் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்குப் போகும். காப்பித் தோட்டத்தில் கீழே கிடக்கும் பழத்தையும் கொட்டையையும் தின்ன விடாதீர்கள், காஃபீன் நாய்க்கு விஷம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காதுக்குள், விரல் இடுக்கில் உண்ணி பாருங்கள்.

கிளம்பும் நாள் காலையில் முடியைக் கூட்டி அள்ளுங்கள், நாய் அசுத்தம் செய்த இடம் எதுவும் இருந்தால் நாமே கழுவிவிடுங்கள், கடித்துக் கிழித்தது ஏதாவது இருந்தால் கேர்டேக்கர் கண்டுபிடிக்கும் முன்பே காட்டிப் பணம் கொடுங்கள். அவர் அடுத்த நாய்க்காரருக்குக் கதவு திறப்பது இதைப் பொறுத்தது. வீட்டுக்கு வந்ததும் கூகுளில் ஒரு ரிவ்யூ எழுதுங்கள், என்ன நாய், எந்த அறை, உள்ளே படுக்க விட்டார்களா, எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்று நாலு வரி. தேடுகிறவர்களுக்கு அகப்பட வேண்டும் என்பதால் நாய் என்ற சொல்லைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுங்கள்.