வைத்தியசாலை நூலகத்தை வீட்டிலிருந்து திறக்கும்போது எங்கே தவறுகிறோம்

இரவு டியூட்டி முடிந்து ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அறைக்குத் திரும்பி, மறுநாள் கேஸ் பிரசன்டேஷனுக்கு ஒரு கட்டுரை தேடுகிறீர்கள். கூகுளில் தலைப்பைப் போட்டதும் சஞ்சிகையின் தளம் திறக்கிறது. சுருக்கம் மட்டும் தெரிகிறது. முழுக் கட்டுரைக்கு டொலரில் பணம் கேட்கிறது. நேற்று வைத்தியசாலைக் கணினியில் இதே சஞ்சிகை எதுவும் கேட்காமல் திறந்ததே!

சஞ்சிகைத் தளத்துக்கு உங்களைத் தெரியாது. எந்த ஐபி எண்ணிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பின் முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நூலகம் சந்தா கட்டும்போது வைத்தியசாலையின் ஐபி எண்களைப் பதிந்து வைக்கிறது. உங்கள் டயலொக் சிம்மோ வீட்டு ரவுட்டரோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வெளியிலிருந்து வருபவர் முதலில் நூலகத்தின் வாசலுக்குப் போய், அங்கிருந்துதான் சஞ்சிகைக்குள் நுழைய வேண்டும். கூகுளிலிருந்தோ பழைய புக்மார்க்கிலிருந்தோ நேரே போவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதன் கிளைகள்.

அந்த வாசல் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ப்ரொக்ஸி (உங்களுக்காகச் சஞ்சிகைத் தளத்தைத் திறந்துதரும் நூலகத்தின் இடைக் கணினி), வீபிஎன் (உங்கள் இணைப்பை வைத்தியசாலை வலையமைப்பின் ஊடாகக் கொண்டுபோகும் வழி), அல்லது ஓப்பன்அதென்ஸ் போன்ற தனிநபர் லொகின். உங்கள் நூலகத்தில் எது என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேராதனை போன்ற மருத்துவ பீடத்தில் மேற்படிப்பும் படிப்பவர்கள் இரண்டு கணக்குகளையும் குழப்பிக்கொள்வது வழக்கம். அங்கே தந்த பாஸ்வேர்ட் இங்கே வேலை செய்யாது.

ப்ரொக்ஸி வேலை செய்கிறதா என்பதை ப்ரௌசரின் முகவரிப் பட்டையிலேயே பார்த்துவிடலாம். ஈஸிப்ரொக்ஸி என்ற ப்ரொக்ஸி மென்பொருள் வழியாகச் சென்றால் சஞ்சிகையின் முகவரியில் புள்ளிகள் இருந்த இடங்களில் சிறு கோடுகள் வந்திருக்கும்; அதன் பின்னால் உங்கள் நூலகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். பக்கத்தில் எதையோ அழுத்தியதும் அந்தப் பெயர் மறைந்து வெறும் சஞ்சிகை முகவரி வந்துவிட்டால், நீங்கள் வாசலுக்கு வெளியே வந்துவிட்டீர்கள். அங்கே எத்தனை தடவை ரீஃப்ரெஷ் செய்தாலும் பயனில்லை. நூலகப் பக்கத்துக்கே திரும்புங்கள். கோடு போட்ட அந்த நீள முகவரியை நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதும் வீண். அவருக்கு லொகின் இல்லாவிட்டால் கட்டுரை திறக்காது. கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய, 10 என்று தொடங்கி ஒரு புள்ளியோடு நீளும் எண்ணை அனுப்புங்கள். அவர் தன் நூலகம் வழியாகத் தேடிக்கொள்வார்.

வீபிஎன் விடயத்தில் ஒரு குழப்பம் உண்டு. போனில் இருக்கும் இலவச வீபிஎன் ஆப் வேறு, வைத்தியசாலை தரும் வீபிஎன் வேறு. முன்னையது உங்களை வேறொரு நாட்டிலிருந்து வருபவராகக் காட்டும். லொகின் செய்யும் முன் அதை நிறுத்துங்கள். பின்னையதை இணைத்தபின் ஐபி எண்ணைக் காட்டும் ஏதாவதொரு தளத்தில் பாருங்கள். இணைப்பதற்கு முன் இருந்த எண்ணே இன்னும் தெரிந்தால், அந்த வீபிஎன் வைத்தியசாலையின் உள் வலையமைப்புக்கு மட்டும் வழி விடுகிறது, சஞ்சிகைகளுக்கு அல்ல. அதைக் கணினிப் பிரிவில் சொல்லித்தான் சரிசெய்ய முடியும்.

அப்டுடேட் என்ற மருத்துவத் தகவல் தளத்துக்குச் சந்தா உள்ள இடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பதற்கான தனிக் கணக்கை வைத்தியசாலை வலையமைப்புக்குள் இருக்கும்போது பதிய வேண்டும். பிறகு 90 நாட்களுக்கு ஒருமுறை அதே வலையமைப்பிலிருந்து லொகின் செய்து உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் வெளியிலிருந்து திறக்காது. வார்டில் எப்போதும் சொந்த டேட்டாவிலேயே பார்ப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். மாதத்துக்கு ஒருநாள் வைத்தியசாலை வைஃபையில் ஒருமுறை லொகின் செய்யும் பழக்கம் போதும். நீண்ட லீவில் ஊருக்குப் போகுமுன் மறக்காதீர்கள்.

வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளைத் திறந்துவிடும் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டமான ஹினாரி 2002 முதல் இயங்குகிறது. இப்போது ரிசர்ச்4லைஃப் என்ற குடையின் கீழ் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் பதிந்திருந்தால், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டையும் ஹினாரி பக்கத்தின் ஊடாகவே திறக்க வேண்டும். வேறொரு ப்ரௌசர் டேப்பில் பப்மெட்டை நேரே திறந்துவிட்டு ‘ஹினாரி வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுபவர்கள் பலர். எல்லா வெளியீட்டாளரும் எல்லா நாட்டுக்கும் திறந்துவிடுவதில்லை என்பதால், சில சஞ்சிகைகள் உண்மையாகவே பூட்டியிருக்கும்.

மிக வருத்தமான தவறு மொத்தமாக டவுன்லோட் செய்வது. சிக்னல் கிடைத்த நேரத்தில் எடுத்து வைப்போம் என்று ஐம்பது பிடிஎஃப்பை வரிசையாக இழுப்பதும், எண்ட்நோட் போன்ற, மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளிடம் பட்டியல் முழுவதற்கும் முழுக் கட்டுரை தேடச் சொல்வதும் சஞ்சிகைத் தளத்துக்கு இயந்திரத் திருட்டாகவே தெரியும். அது உங்களை மட்டும் தடுக்காது. ப்ரொக்ஸியின் ஐபி எண்ணையே தடுத்துவிடும். அந்த இரவு வேறொரு மருத்துவர் அவசரமாக மருந்தளவு பார்க்க முயன்றால் அவருக்கும் திறக்காது. பாஸ்வேர்டை வட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். தேவையானதை மட்டும், ஒவ்வொன்றாக எடுங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. போன் கீபோர்ட் பயனர்பெயரின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். கொபி செய்த பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். போனின் நேரம் பிழையாக இருந்தால் ஆப் தரும் ஓடிபி ஏற்காது. குக்கீயை (தளம் உங்களை நினைவில் வைக்க ப்ரௌசரில் இடும் குறிப்பை) முடக்கியிருந்தால் லொகின் பக்கமே திரும்பத் திரும்ப வரும். கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று ப்ரௌசர் கேட்டால் மறுத்துவிடுங்கள். முடிந்ததும் லொக் அவுட் செய்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டுரைக்குப் பணம் கேட்டால், உடனே கார்டைத் தொட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் இலவசக் கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் போன்ற நம் நாட்டுச் சஞ்சிகைகள் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தில் இலவசமாகவே உள்ளன. அங்கும் இல்லாவிட்டால் நூலகரிடம் கேளுங்கள்; வேறு நூலகத்திலிருந்து பெற்றுத்தர அவருக்கு வழி இருக்கக்கூடும்.

நூலகருக்கு எழுதும்போது ‘திறக்கவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். டிஓஐ எண், நடந்த நேரம், எந்த இணைப்பு, எந்த ப்ரௌசர் என்பவற்றோடு, முகவரிப் பட்டை முழுதாகத் தெரியும் ஸ்கிரீன்ஷொட் ஒன்றையும் அனுப்புங்கள். போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வரும் வாரமென்றால், அலுவலகம் மூடுமுன் வைத்தியசாலை வைஃபையை நிறுத்திவிட்டு சொந்த டேட்டாவில் ஒரு கட்டுரையைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் கேட்க அப்போது ஆள் இருப்பார்.