இரட்டையரின் பல் அகலத்தில் இடவல வேறுபாடு: மரபின் பங்கையும் சூழலின் பங்கையும் அளக்கும் முறை

ஒருவருடைய வலப்பக்கப் பல்லும் அதற்கு இணையான இடப்பக்கப் பல்லும் ஒரே மரபணுக்களைக் கொண்டே உருவாகின்றன. ஆகவே அவற்றின் அகலத்தில் ஏறுமாறாக, அதாவது ஒருவருக்கு வலமும் மற்றொருவருக்கு இடமும் பெரிதாகத் தோன்றும் சிறு வேறுபாடு, பல் உருவான காலத்தில் நேர்ந்த இடையூறுகளின் தடயமாகக் கருதப்படுகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக் கல்லூரி மாணவர்கள் இதை இரட்டையரிடம் ஆராய விரும்பினால், பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

முதலில், நிலைப்பற்கள் முளைத்து, தேய்மானம் மிகாத 13 முதல் 16 வயது வரையுள்ள இரட்டையரை, பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவோடு தேர்ந்தெடுங்கள். அச்சில் வார்த்தாற்போல் இருப்பதாலேயே ஒருகரு இரட்டையர் (ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்து, ஒத்த மரபணுக்களைக் கொண்டவர்கள்) என்று முடிவுசெய்யாமல், டி.என்.ஏ. சோதனையால் உறுதிப்படுத்துங்கள்.

அடுத்து, பல் மருத்துவரைக் கொண்டு, ஆல்ஜினேட் என்னும் அச்செடுக்கும் பொருளில் பற்களின் அச்சு எடுங்கள். ஈரம் வற்றினால் ஆல்ஜினேட் சுருங்கும் என்பதால், செட்டிநாட்டு வெயிலில் சற்றும் தாமதிக்காமல் ஜிப்சம் கலவையை ஊற்றி மாதிரி எடுத்துவிட வேண்டும். சொத்தை அடைத்த பற்களை விட்டுவிடுங்கள்.

இனி அளவீடு. பக்கத்துப் பற்களைத் தொடும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட அகலத்தை, 0.01 மி.மீ. வரை காட்டும் டிஜிட்டல் காலிப்பரால் அளந்து குறியுங்கள். சில நாள் கழித்து, முதல் குறிப்பைப் பார்க்காமல், எல்லாவற்றையும் மீண்டும் அளக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து; ஏனெனில் இடவல வேறுபாடு பெரும்பாலும் 0.1, 0.2 மி.மீ. அளவிலேயே இருக்கும், காலிப்பரைப் பிடிக்கும் கை தரும் பிழையும் அதற்கு நெருக்கமாகவே இருக்கக்கூடும். இரு அளவீடுகளுக்கு இடையிலான பிழை, இடவல வேறுபாட்டைவிடத் தெளிவாகச் சிறியதாக இருந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள்.

பிறகு, வலப்பக்க அளவிலிருந்து இடப்பக்க அளவைக் கழியுங்கள். குழுவின் சராசரி பூச்சியத்திலிருந்து விலகி நின்றால், ஒரு பக்கம் தொடர்ந்து பெரிதாக இருக்கிறது என்று பொருள். அந்தச் சராசரியைக் கழித்தபின் எஞ்சுவதன் குறியை நீக்கினால், ஏறுமாறான வேறுபாடு கிடைக்கும்.

இறுதியாக, ஒருகரு இணைகளுக்கும் இருகரு இணைகளுக்கும் (தனித்தனிக் கருமுட்டைகளில் உருவாகி, சராசரியாகப் பாதி மரபணுக்களைப் பகிர்பவர்கள்) ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இணையிலுள்ள இருவரின் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணை, தனித்தனியே கணக்கிட்டு, அவற்றின் வித்தியாசத்தை இரண்டால் பெருக்குங்கள். இதுவே மரபின் பங்கை மதிப்பிடும் ஃபால்கனர் சூத்திரம். பல்லின் அகலத்துக்கு இது உயர்ந்த மதிப்பைத் தரும். ஏறுமாறான வேறுபாட்டுக்கோ பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே வரும், அதாவது அங்கே சூழலின் பங்கே மேலோங்குகிறது. முதல் பெரிய கடைவாய்ப்பல் ஏறத்தாழப் பிறப்பையொட்டிக் கெட்டிப்படத் தொடங்குவதால், பிறப்பு எடையையும் குழந்தைப்பருவ நோய்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வழக்கத்திலுள்ள நம் பகுதியில் பெற்றோரின் உறவுமுறையையும் கேட்பது அவசியம். பெற்றோர் இரத்த உறவினராயின், இருகரு இரட்டையர் வழக்கமான பாதியைவிடச் சற்றுக் கூடுதலான மரபணுக்களைப் பகிர்வதால், சூத்திரம் மரபின் பங்கைக் குறைத்துக் காட்டும். அத்தகைய இணைகளைத் தனியே கணக்கிடுங்கள்.