கதவுக்கு ஒரு சொல்: 'தீத்தாங்கும்' என்று பலகை எழுதும் முறை

ராணிப்பேட்டையில் நண்பர் ஒருவரின் தோல் கிடங்குக்குப் புதிய இரும்புக் கதவு வந்திறங்கியது. 'ஃபயர் ரெசிஸ்டன்ட், 120 நிமிடம்' என்று ஆங்கிலத்தில் அதில் பொறித்திருந்தது. தமிழில் ஒரு பலகை வேண்டும் என்றார். யோசிக்காமல் 'தீப்புகாக் கதவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காவலாளி அதை வாய்விட்டுப் படித்தார். "அப்படியென்றால் தீப்பிடித்தால் இதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாமா, சார்?" என்று கேட்டார். பலகையை அன்றே கழற்றினோம். நான் செய்த தவறை நீங்களும் செய்யாமலிருக்க இதோ வழிமுறை.

படி 1: வினைச்சொல்லைத் தேடுங்கள்

பொருள் தீயை என்ன செய்கிறது? எரியாமல் இருக்கிறதா, பரவலைத் தணிக்கிறதா, தடுக்கிறதா, தாங்குகிறதா? நான்கும் வேறு வேறு.

இரும்பு எரியாது. ஆனால் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாதாரண இரும்பு உத்தரம் தன் வலுவில் பாதிக்குமேல் இழந்து வளைந்துவிடும். பருத்த மர உத்தரமோ எரியும். ஆனால் மேலே படியும் கரி உள்மரத்துக்குப் போர்வையாகிவிடுவதால் அது நின்று சுமக்கும். ஆகவே 'எரியாத' என்பதை 'தாங்கும்' என்பதற்குப் பதிலாக எழுதக்கூடாது.

வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைத்துக் காயவைத்த துணியில் தீ எளிதில் பரவாது. அது தீத்தணிப்பு. துவைத்தால் மருந்து போய்விடும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தீயே பிடிக்காமல் பார்த்துக்கொள்வது தீத்தடுப்பு: பழுதான மின்கம்பியை மாற்றுவது, கிடங்குக்குள் பீடி பிடிக்க விடாதது. நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லை ஒட்டிவிடுகிறார்கள்.

படி 2: நேரத்தைச் சேருங்கள்

அவசரமிருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது படியுங்கள். தீத்தாங்குதிறன் நேரத்தால் அளக்கப்படுகிறது. கதவையோ சுவரையோ சோதனை உலையில் பொருத்தி, ஒரு பக்கம் மட்டும் சூடேற்றுவார்கள். தீச்சோதனைக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 834 வரைகோட்டின்படி உலையின் சூடு 30 நிமிடத்தில் சுமார் 840 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,050. சுவரானால் சுமையோடு நிற்கிறதா, விரிசல் வழியாகச் சுடர் எட்டிப் பார்க்கிறதா, மறுபக்கம் எவ்வளவு சுடுகிறது என்று கவனிப்பார்கள். எவ்வளவு நேரம் நின்றதோ அதுவே அதன் திறன்.

'தாங்கு' என்ற சொல் எனக்குப் பிடித்தது இதனால்தான். தலைச்சுமையோடு நடந்தவர்களுக்காகச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சுமை அங்கே நிரந்தரமாக இருப்பதில்லை. 'புகா' என்றால் என்றைக்கும் புகாது என்று வாக்குக் கொடுத்ததாகிவிடுகிறது. எந்தக் கதவும் அப்படி வாக்குக் கொடுக்காது.

படி 3: ஒற்றெழுத்தை விடாதீர்கள்

'தீ' ஓரெழுத்துச் சொல். பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: தீக்குச்சி, தீச்சுடர், தீத்தாங்கும், தீப்பெட்டி. குடியாத்தம் தீப்பெட்டியை உரசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 4: என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள்

பெயரை மட்டும் எழுதிவிட்டால் பலகை வேலை முடியாது. நாங்கள் கடைசியில் மாட்டியது இது:

தீத்தாங்கும் கதவு – 120 நிமிடம்
எப்போதும் மூடியே இருக்கட்டும்.
கல்லோ கட்டையோ வைத்துத் திறந்து நிறுத்தாதீர்கள்.
தீ கண்டால் உடனே வெளியேறுங்கள். தீயணைப்பு: 101

மூன்றாவது வரி காவலாளியின் யோசனை. கத்திரி வெயிலில் ராணிப்பேட்டைக் கிடங்குக்குள் காற்று வேண்டும் என்று யாராவது கதவிடுக்கில் கல்லை வைத்துவிடுவார்கள். திறந்து கிடக்கும் கதவு 120 நிமிடமல்ல, ஒரு நிமிடம்கூடத் தாங்காது. மறுவாரம் போனபோது கதவு மூடியிருந்தது. அந்தக் கல் காவலாளியின் நொண்டி நாற்காலிக்கு அண்டைகொடுத்துக்கொண்டிருந்தது.