வீட்டில் பைக் ஆயில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

மதுரையின் சித்திரை வெயிலில் ஓட்டி வந்த வண்டியின் அடியில் உடனே ஸ்பேனருடன் உட்கார்ந்துவிடாதீர்கள். கொதிக்கும் ஆயில் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்து, சமதரையில் நடு ஸ்டாண்ட் போட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆறிக் கிடக்கும் வண்டியென்றால் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிடலாம். ஆனால் கதவடைத்த அறைக்குள் வேண்டவே வேண்டாம், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும்.

நான் அதிகம் அஞ்சுவது, பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் கழற்றும் டிரெயின் போல்ட்டை நினைத்துத்தான். போல்ட் இரும்பு, அது ஏறும் எஞ்சின் உடலோ அதைவிட மென்மையான அலுமினியம் என்பதால், முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றி, நசுங்கித் தட்டையான பழைய வாஷருக்குப் பதில் புதியது போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மரை வழுக்கி, கசியும் ஆயில் பின் டயரில் பட்டு, வளைவில் வண்டி சறுக்கிவிடும்.

பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைந்து இயங்குகிறது. ஆகவே கார் ஆயிலைத் தவிர்த்து, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) தரக்குறியை டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் வைகைக்குத்தான் போய்ச் சேரும்.